ஒரு ஏக்கருக்கு ஓ.பி. சீட்டு

எங்கள் ஊரில் பூங்குழலியைக் கூப்பிட வேண்டுமென்றால் மூன்று தரம் கூப்பிட வேண்டும். முதல் தரம் காதோடு போய்விடும். இரண்டாம் தரம் அவள் போயிருக்கும் இடத்தைத் தேடிப் போகும். மூன்றாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் அவள் அங்கிருந்து கிளம்பி, கண்ணுக்குள் வந்து இறங்கி, "ஆங், இன்னா?" என்பாள்.

அவ்வளவு கனவு. கண்ணைத் திறந்துகொண்டே காணும் கனவு. ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் நம் ஊரில் இறங்கவில்லை. பஸ் ஷெட்டுக்குப் போனது. டிரைவர் கதவைச் சாத்தினார், வீட்டுக்குப் போனார், குளித்தார், சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாவது தோசையைப் பிட்டபோதுதான், "யாரோ ஒரு அம்மா உள்ள இருந்த மாதிரி இருந்துச்சே" என்று தோன்றி எழுந்து ஓடினாராம். பூங்குழலி அதே ஜன்னலில், அதே கன்னத்தில் கையோடு, பஸ் இன்னும் ஓடுகிறது என்று நினைத்து உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை. ஷூவின் மேல்பாகத்தைத் தைக்க வேண்டும். கனவு எங்கே போனாலும் தையல் மட்டும் கோணாது. பக்கத்து மெஷினில் இருக்கும் முபஷ்ஷிரா அவளுக்கு இருபது வருஷத் தோஸ்த். அவள் சொல்வாள்: "நீ தெச்ச ஷூவ போட்டுக்கினு எந்த ஜெர்மன்காரன் நடக்குறானோ தெரியல. நடுரோட்ல நின்னு வானத்தப் பாத்துக்கினு இருப்பான். பின்னால காருங்கோ ஹாரன் அடிச்சிக்கினு இருக்கும்."

அப்படி என்ன கனவு என்று கேட்டால் பெரிய ரகசியம் இல்லை. அவளுக்கு ஒரு ஏக்கர் நிலம் இருந்தது. அவள் அப்பா அவள் பேரில் எழுதி வைத்தது. மலையடிவாரத்துக்கும் பாலாற்றுக்கும் நடுவில், ஆற்று மணலும் மலைச் செம்மண்ணும் கலந்த நிலம். அந்த ஏக்கர் முழுக்க மல்லி பூத்திருக்க வேண்டும். விடியற்காலையில் பனி விலகாத நேரத்தில் அவள் இடுப்பில் துணிமடி கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்க வேண்டும். கம்பெனியில் தோலும் பசையுமாக மூக்கடைக்கும் நேரத்தில் அவளுக்கு மட்டும் மல்லி வாசனை அடிக்கும். பக்கத்தில் முபஷ்ஷிரா மோந்து பார்ப்பாள். அவளுக்குப் பசை வாசனைதான் வரும்.

கனவுக்குக் குறுக்கே ஒரு காவல்காரர் உண்டு. அவர்தான் புருஷன் மூர்த்தி. தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், வேலை. வெளியூரிலிருந்து லாரியில் வரும் பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு போட்டு மடித்து அனுப்புவார்கள். வந்து இறங்கியதும் அதை உதறி உப்பைத் தட்ட வேண்டும். மூர்த்திக்கு அதுதான் வேலை. இருபத்திரண்டு வருஷம் தட்டிய உப்பை ஒரே இடத்தில் கொட்டினால் அமிர்தி மலைக்கு ஒரு தம்பி பிறந்திருக்கும்.

வேலை நேரம் போக அவர் விவசாயி. நல்ல மனுசன். ஆனால் கை தாராளம். மற்றவர்கள் நிலத்துக்கு உரம் போடுவார்கள்; மூர்த்தி பந்தி வைப்பார். நிலக்கடலை வெளுத்துப் போனால், "பசிக்குது பாவம்" என்று ஒரு மூட்டை டிஏபி. அதற்கும் வெளுத்தால், "இன்னும் பசிக்குது" என்று இன்னொரு மூட்டை. உரக்கடைக்காரர் மூர்த்தியைத் தூரத்தில் பார்த்தாலே நாற்காலியைத் துடைப்பார். பதினோரு வருஷமாக இப்படிப் பந்தி நடந்தும், போன பட்டத்தில் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேருக்கு இரண்டு காய். அதிலும் ஒன்று பொக்கு.

அந்த நேரம் பார்த்து இன்பராஜ் வந்தான். அதே ஊர், நாலு லாரி வைத்திருப்பவன், மூர்த்திக்குத் தம்பி முறை. லாரி நிறுத்த இடமில்லாமல் அலைந்துகொண்டிருந்தான். "அண்ணே, அந்த நெலத்த எனுக்கு நீண்ட குத்தகைக்கு வுடு. கிராவல் அடிச்சி லெவல் பண்ணிக்கிறேன். உனுக்கும் நிம்மதி, என் வண்டிங்களுக்கும் எடம்" என்றான்.

கிராவல் அடித்துவிட்டால் முடிந்தது. அப்புறம் அந்த மண் நம் ஆயுசுக்கும் மூச்சு விடாது. பூங்குழலிக்கு அது தெரியும். அன்றைக்கு அவள் முதல் கூப்பிடலிலேயே திரும்பினாள்.

"நெலம் என் பேர்ல இருக்குது. நான் மல்லி வெக்கப்போறேன்."

"மல்லியா? கடலையே வரல. மண்ணு செத்துப்போச்சுடி. தோல் ஷாப்பு தண்ணி எங்கெங்க பூந்துச்சோ, அங்க இன்னா வெளையும்?"

"செத்துப்போச்சின்னு நீ டாக்டரா? மனுசனுக்கே ரத்தம் பாத்துட்டுதான் மாத்திர குடுக்குறாங்கோ. நீ பதினோரு வருசமா பாக்காமயே ஊட்டிக்கினு இருக்குற. மண்ண டெஸ்டு பண்ணலாம்யா."

மூர்த்தி கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "செரி. கவர்மெண்ட்டு டெஸ்டுல தேறும்னு வந்தா நீ பூ வெச்சிக்கோ, நான் வாயே தொறக்க மாட்டேன். தேறாதுன்னு வந்தா நீ வாயத் தொறக்கக் கூடாது. இன்பராஜுக்குக் கையெழுத்து போட்டுக் குடுத்துடணும்."

"போடுறேன்."

இன்பராஜ் சிரித்தான். "நமக்கென்ன அவசரம். ஆடி மாசம் ஒண்ணும் ஆரம்பிக்க மாட்டேன். ஆவணி ஒண்ணாந்தேதி சொல்லுங்க."

ஆடி முழுக்க அந்த ஒரு ஏக்கர் தராசில் தொங்கியது.

விவசாய ஆபீஸ் ஆட்கள் முன்னே ஒருநாள் ஊருக்கு வந்து கொடுத்த காகிதம் அவளிடம் இருந்தது. எட்டாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டி மூன்று தரம் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் களைக்கொத்தியும் பிளாஸ்டிக் வாளியும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

அன்றைக்குப் பனி இல்லை; ஆடிக் காற்று. ஆனாலும் கிழக்கே மலை ஒரு நீலத் துணியை மடித்துப் போட்ட மாதிரி இருந்தது. பாலாற்றில் தண்ணீர் இல்லை. மணலின் மேல் வெளிச்சம்தான் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. நிலத்தில் வளைந்து வளைந்து நடந்து பத்து இடம் பார்த்தாள். வரப்போரம் வேண்டாம், மர நிழல் வேண்டாம், எரு கொட்டிய இடம் வேண்டாம் என்று காகிதம் சொல்லியிருந்தது. ஒவ்வொரு இடத்திலும் மேல் புல்லை நீக்கிவிட்டு, அரையடி ஆழத்துக்குக் கூம்பாய்க் குழி எடுத்தாள். அந்தக் குழியின் பக்கச் சுவரிலிருந்து கட்டைவிரல் கனத்துக்கு ஒரு சீவல், அல்வாவை வழிக்கிற மாதிரி, மேலிருந்து கீழே. வாளியில் போட்டாள்.

மூன்றாவது குழியில் ஒரு மண்புழு கூட இல்லை. ஐந்தாவது குழியில் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குழிக்குள்ளிருந்து ஈர வாசனை வந்தது. கீழே எங்கோ, மணலுக்கு அடியில், ஆறு ஒளிந்துகொண்டு போவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவளுடைய ரத்தம் காதில் ஓடுகிற சத்தமாகவும் இருக்கலாம். எதுவென்று பிரிக்க அவள் முயற்சி பண்ணவில்லை. வரப்பில் போன நான் நாலு தரம் கூப்பிட்டேன். ஒரு கொக்குதான் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து மாட்டுக்கொட்டகையில் ஒரு வெள்ளைக் கோணியை விரித்து மண்ணைக் கொட்டிக் கலந்தாள். நாலு பங்காக்கி, எதிரும் புதிருமான இரண்டு பங்கை ஒதுக்கினாள். மீதியை மறுபடி கலந்து மறுபடி நாலு. கடைசியில் அரைக் கிலோ மிச்சம். அதை நிழலிலேயே மூன்று நாள் காய வைத்தாள். நடுவில் ஒருநாள் தூறல் விழுந்தது. கொட்டகையில் சாரல் அடித்துக் கோணி லேசாக நனைந்தது. திருப்பிப் போட்டுக் காயவிட்டாள். காய்ந்ததும் துணிப்பையில் கட்டிப் பெயர், ஊர், சர்வே எண் எல்லாம் எழுதி உள்ளே வைத்தாள்.

அன்றைக்கு வந்த தூக்கத்தில் அவளுடைய ஒரு ஏக்கரே எழுந்து வேலூருக்குப் பஸ் ஏறிப் போனதாம். பெரிய ஆஸ்பத்திரி வரிசை. ஆந்திராவிலிருந்து, வங்காளத்திலிருந்து வந்த ஜனங்களுக்கு நடுவில், கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு, வரப்பெல்லாம் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஓ.பி. சீட்டோடு அந்த ஏக்கர் உட்கார்ந்திருந்ததாம். நர்ஸ் வந்து, "யார் கூட வந்தது?" என்று கேட்டாளாம். "நான்தாம்மா" என்று சொல்லி பூங்குழலி எழுந்து உட்கார்ந்திருக்கிறாள், பாயில்.

மண் பரிசோதனை நிலையத்தில் கிரேஸி என்ற பெண் பையை வாங்கிக்கொண்டாள். முப்பது வயது இருக்கும், வெள்ளைக் கோட்டு. "ரெண்டு வாரம் ஆகும்க்கா. கார்டு தபால்ல வந்துடும்."

வந்தது. ஆடிப் பதினெட்டு முடிந்து மூன்றாம் நாள். மூர்த்திதான் பிரித்தார். முதல் பாதியிலேயே, உப்பின் நிலை என்ற இடத்தில் சிவப்பாக ஒரு வரி: உவர் மிக அதிகம், பயிர் செய்ய ஏற்றதல்ல.

மூர்த்தி சந்தோஷப்படவில்லை. அதையும் சொல்ல வேண்டும். கார்டை மடித்து அலமாரியில் வைத்தார். "நான்தான் சொன்னேனே" என்று சொல்ல வாய் திறந்து, மூடிக்கொண்டார். அவர் வாழ்நாளில் அடக்கிய ஒரே வார்த்தை அதுதான்.

ஊரில் ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. எப்படிப் படுவோம்? நாங்கள் தோலுக்கு நடுவில் பிறந்தவர்கள். எங்கள் பக்கம் உப்பு என்று யார் சொன்னாலும் தலையாட்டிவிடுவோம். கிணற்றில் உப்பு என்றால், ஆமாம். காற்றில் உப்பு என்றால், இருக்கும். நாளைக்கு ஒருத்தன் நிலாவில் உப்பு என்று சொன்னாலும், "ஷாப்புத் தண்ணி அவ்ளோ தூரம் போயிடுச்சா" என்று கேட்போமே தவிர, இல்லை என்று சொல்ல மாட்டோம்.

அதற்குப் பிறகு பூங்குழலி ஒரே கூப்பிடலில் திரும்பினாள். பஸ்ஸில் சரியான இடத்தில் இறங்கினாள். குழம்பு தீயவில்லை, பால் பொங்கவில்லை.  ஒரு ஆள் கனவு காண்பதை நிறுத்தினால் வீடே இருட்டாகிவிடுகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. மூர்த்தி வேண்டுமென்றே, "குழலி, மாட்டுக்கு மாலை போட்டியா, தண்ணி காட்டினியா?" என்று அவளைச் சிரிக்க வைக்கக் குளறிப் பார்த்தார். அவள் சிரிக்காமல், "தண்ணி காட்டிட்டேன்" என்றாள்.

அதற்குள் நிலத்தின் முனையில் ஒரு லோடு கிராவல் வந்து இறங்கிவிட்டது. மூர்த்தி கேட்டதற்கு இன்பராஜ், "கொட்டலண்ணே, இறக்கி வெச்சிருக்கேன். ஆரம்பிக்கறதுதான் ஆடியில ஆகாது, எறக்கறதுக்கு இன்னா?" என்றான்.

ஆடி முடிய ஐந்து நாள் இருந்தது. கம்பெனியில் சாப்பாட்டு மணி. பூங்குழலி டப்பாவைத் திறந்தாள். சோறு, மோர், வறுத்த கொத்தவரங்காய் வத்தல். முபஷ்ஷிரா வழக்கம்போலக் கேட்காமலே அள்ளினாள். அந்த வத்தலுக்குக் கம்பெனியில் ஒரு மரியாதை உண்டு. சூப்பர்வைசரே ஒருதரம் எதேச்சையாக வந்த மாதிரி வந்து நாலு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"இந்த தபா உப்பு கொஞ்சம் ஜாஸ்திடீ" என்றாள் முபஷ்ஷிரா.

"நான் உப்பே போட மாட்டேனே."

"சும்மா சொல்லாத. நாக்கு எரியுது. மோர்ல ஊற வெக்கும்போது போட்டிருப்ப."

"நான் மோர்லயே ஊற வெக்கறதில்ல முபி. வேக வெச்சி, கோணியில போட்டுக் காய வெப்பேன். அவ்ளோதான். எங்கம்மா செஞ்சா உப்பு போட்டுதான் ஆவணும். எனுக்கு மட்டும் போடாமயே அந்த ருசி வந்துடும். கைராசின்னு சொல்லுவாங்கோ."

"எந்தக் கோணி?"

"அவரு கொண்டாருவாரே, ஷாப்புலேர்ந்து. வெள்ளக் கோணி..."

முபஷ்ஷிரா மெல்லுவதை நிறுத்தினாள். அவளுடைய அண்ணன் நசீர் அகமதும் தோல் ஷாப்பில்தான் வேலை செய்கிறார். அந்தக் கோணியில் என்ன கட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"யா அல்லா!" என்று எழுந்தாள். "பச்சைத் தோலுல தட்டுன உப்ப கட்டுற கோணிடீ அது! இத்தினி வருசமா எருமத்தோலு உப்பையா எனுக்கு ஊட்டிக்கினு இருந்த?"

பாத்ரூமுக்கு ஓடினாள். அவள் வாய் கொப்பளித்த சத்தம் குடியாத்தம் வரை கேட்டிருக்கும். சூப்பர்வைசருக்குச் செய்தி போய், அவர் அன்றைக்கு அரை நாள் லீவு போட்டார்.

பூங்குழலி இதையெல்லாம் பார்க்கவில்லை. கையில் சோற்று உருண்டையோடு உட்கார்ந்திருந்தாள். கண் எங்கோ போயிருந்தது. வெள்ளைக் கோணி. மாட்டுக்கொட்டகை. தூறல். மழை வரும் முன்னாலேயே பிசுபிசுவென்று வேர்க்கும் கோணி. அதன் மேல், மூன்று நாள், அவளுடைய ஒரு ஏக்கர்.

முபஷ்ஷிரா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கூப்பிட்டாள். ஒரு தரம். இரண்டு தரம். மூன்றாம் தரம் கத்தினாள்.

"ஆங், இன்னா?" என்றாள் பூங்குழலி.

சாயங்காலம் வீட்டில் மூர்த்தி முன்னால் கோணியை விரித்தாள். "நக்கிப் பாரு."

"இன்னாடி, கிண்டலா?"

"தையல் இருக்குதில்ல, அந்த மடிப்புல. நக்கு."

மூர்த்தி விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அவருக்கா தெரியாது அந்த ருசி! இருபத்திரண்டு வருஷமாக உதட்டில் படிந்த உப்பு. முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆனால் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை.

"அதுக்காக? கவர்மெண்ட்டு ஒருதரம் சொன்னது சொன்னதுதான். உனுக்குப் புடிச்ச மார்க்கு வர்ற வரைக்கும் பரீட்ச எழுதிக்கினே இருப்பியா?"

"மண்ணோட பரீட்சயில உன் கோணிதான எழுதிச்சு?"

மூர்த்தி வெளியே போய் மாட்டைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நின்றார். மாடும் அவருக்கு ஆதரவாக ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்தார். "நாளைக்கு லீவு போடுறேன். நானும் வர்றேன் மண்ணு எடுக்க."

மறுநாள் இரண்டு பேரும் விடியலில் இறங்கினார்கள். முன்னால் அவள் குழி எடுத்தாள், பின்னால் அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். எத்தனையோ வருஷம் அந்த நிலத்தில் நடந்தவர். ஆனால் அரையடி ஆழத்தை எட்டிப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு சீவலை விரலில் நசுக்கிப் பார்த்து, "ஜில்லுனு இருக்குது" என்றார், யாரோ குழந்தையின் நெற்றியைத் தொட்ட மாதிரி. காய வைக்கக் கோணி வேண்டாம் என்று பொங்கலுக்கு எடுத்த புது வேட்டியை அவரே விரித்தார். வேட்டியில் காய்ந்த அந்த அரைக் கிலோ, மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

ஆடி முடிய ஒருநாள் இருக்கும்போது இரண்டு பேரும் கிரேஸி முன்னால் போய் நின்றார்கள். கோணிக் கதையைக் கேட்டு கிரேஸி சிரித்துச் சிரித்து மேசையில் தலை வைத்துவிட்டாள்.

"துணிப்பைன்னு எழுதியிருக்கோம், சுத்தமான வாளின்னு எழுதியிருக்கோம். தோல் உப்புக் கோணி வேணாம்னு எழுதணும்னு யாருக்கும் தோணலக்கா. அரைக் கிலோ மண்ணுக்கு ஒரு ஸ்பூன் உப்பு போதும், நெலமே செத்துப்போன மாதிரி காட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கார்டு எல்லாம் வர நாள் ஆகும். ஆனா உப்பு மட்டும் இப்பவே பாத்துச் சொல்லிடலாம். குந்துங்க."

மண்ணைச் சலித்து, எடை போட்டு, சுத்தமான தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைத்தாள். அரை மணி நேரம் தெளிய வேண்டும். பூங்குழலி பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கண்ணாடி டம்ளரையே பார்த்தாள். கலங்கல் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. மேலே தேன் நிறத்தில் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் ஜன்னல் தெரிந்தது, ஜன்னலுக்குள் ஒரு வேப்பமரம், வேப்பமரத்துக்குப் பின்னால் மலை. அவள் அதற்குள் இறங்கிப் போய்விட்டாள். பத்து நாளாக வராத மல்லி வாசனை வந்தது. டம்ளர் அடியில் படிந்த மண்ணில் ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு வரப்பாக நீண்டது. அவள் மடி கட்டிக்கொண்டு அதில் நடந்தாள். மூர்த்திக்கோ அந்த அரை மணி அரை யுகம். நகத்தைக் கடித்து முடித்து, அடுத்தவர் நகத்துக்குத் தேடிக்கொண்டிருந்தார்.

கிரேஸி மீட்டரை உள்ளே விட்டாள். எண்கள் ஓடின. நின்றன.

"அக்கா."

பூங்குழலி டம்ளருக்குள்ளேயே இருந்தாள்.

"பூங்குழலியக்கா."

மூர்த்தி கிரேஸியிடம் மெல்லச் சொன்னார்: "இன்னொரு தபா கூப்புடு தாயி. மூணாவதுல வந்துடுவா."

கிரேஸி கூப்பிட்டாள். பூங்குழலி வந்தாள்.

"போன தடவ எட்டுக்கு மேல காட்டுச்சு. இப்ப பாருங்க, அரைகூட இல்ல. உங்க மண்ணுல உப்பு இல்லக்கா. நல்ல மண்ணு."

பூங்குழலி சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. முந்தானையால் பெஞ்சைத் துடைத்தாள். ஏன் துடைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

மூர்த்தி நெஞ்சை நிமிர்த்தினார். "பதினோரு வருசமா டிஏபி ஊட்டி வளத்த மண்ணும்மா. வீணா போவுமா?"

கிரேஸி அவரைப் பார்த்தாள். "பழைய கார்ட கொண்டாந்தீங்களா? அதுல சிவப்பு வரிக்குக் கீழ படிச்சீங்களா?"

யாருமே படிக்கவில்லை. சிவப்பைப் பார்த்ததும் மடித்து வைத்தவர்கள்தானே. பூங்குழலி பையிலிருந்து எடுத்தாள். கிரேஸி விரல் வைத்துக் காட்டினாள்.

"மத்ததையும் மறுபடி பாக்குறேன். ஆனா இது பெருசா மாறாது. மணிச்சத்து மிக அதிகம். அதாவது நீங்க கொட்டுன டிஏபி அப்படியே உள்ள குந்திக்கினு இருக்குண்ணே. செடி அதுல கால்வாசிகூடத் தின்னல. அது ஜாஸ்தியானா செடியால துத்தநாகத்த எடுக்க முடியாது. துத்தநாகம் கெடைக்கலன்னா வெளுக்கும். கடல வெளுத்துச்சா?"

"வெளுத்துச்சி" என்றார் மூர்த்தி, சின்னக் குரலில்.

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"இன்னொரு மூட்ட..."

"அது பசியில வெளுக்கலண்ணே. தெவட்டிப் போய் வெளுத்துருக்கு. மூணு வருசத்துக்கு அந்த மூட்டய தொடாதீங்க. மண்ணுல மக்குதான் இல்ல, எல தழ மக்கி வர்ற சத்து. மொதல்ல தக்கைப்பூண்டு வெதச்சி, பூ வர்ற நேரத்துல மடக்கி உழுங்க. அப்புறம் தொழு எரு, கொஞ்சம் துத்தநாகம். சாம்பல் சத்து கார்டுல போட்ட அளவு. போதும்."

"மூணு வருசம்" என்று மூர்த்தி தனக்குள் சொல்லிக்கொண்டார். "அப்ப நான் இன்னா பண்றது?"

அவர் கேட்ட விதத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. பதினோரு வருஷமாக ஒரு மனுசன் அன்பு என்று நினைத்துக் கொட்டியது, அஜீரணம் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்! திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் கன்னத்தில் கையோடு உட்கார்ந்து வந்தார். பூங்குழலிதான் அவரை நம் ஊர் வந்ததும் இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது.

ஆவணி ஒன்றாம் தேதி இன்பராஜ் சட்டைக்கு மடிப்பு வைத்துத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பத்திரத்தோடு வந்தான். கதை முழுக்கக் கேட்டான். விடவில்லை.

"அண்ணே, மண்ணு நல்லா இருந்தா மட்டும் ஆச்சா? மல்லிக்குக் காலையில மூணு மணிக்கு எழுந்திரிக்கணும். அண்ணி கம்பெனிக்கும் போவணும். நடக்குற காரியமா? கிராவல் வேற எறக்கிட்டேன். நீ ஒரு வார்த்த சொல்லு."

பூங்குழலி மூர்த்தியைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது இப்போது அவர்தான். நிலம் அவள் பேரில் இருந்தாலும் வாக்கு அவர் கொடுத்தது.  அவருக்கும் ஆசை இருந்தது. இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். லாரி நிற்கும் நிலத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டாம், களை பிடுங்க வேண்டாம்.

"தேறும்னு வந்தா வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லிட்டேன் இன்பராஜு" என்றார். "வந்துடுச்சி. நான் இன்னாத்த தொறக்கறது?"

"அப்ப என் கிராவலு?"

"எறக்கித்தான வெச்ச, கொட்டலியே. ஏத்திக்கினு போ."

இன்பராஜ் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அவன் மாமனார் வீட்டுக்குப் பின்னால் இடம் தேடிக்கொண்டான். அங்கே மாமியாரின் வாய்க்கு முன்னால் லாரி ஹாரன் எல்லாம் ஊமை.

தக்கைப்பூண்டு விதைத்தார்கள். ஆவணி மழையில் அது ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. காற்றடித்தால் அந்த ஏக்கர் பச்சைத் தண்ணீர் மாதிரி அலையடித்தது. பூங்குழலி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் ஆடு மேய்க்கப் போனவர்கள் அவள் நிற்பதைப் பார்த்துவிட்டு, மேய்த்து முடித்துத் திரும்பும்போதும் பார்த்தார்கள். நிழல் மட்டும் வேறு பக்கம் சாய்ந்திருந்தது. புரட்டாசியில் மடக்கி உழுதபோது மட்டும் அவளுக்கு மனசு கேட்கவில்லை, வீட்டுக்குள் போய்விட்டாள். முபஷ்ஷிரா தேற்றினாள்: "சாவலடீ, சோறாப் போவுது."

ஐப்பசி முதல் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலையின் பாதியை மேகம் தின்றிருந்தது. உழுத மண்ணிலிருந்து ஆவி எழுந்து முழங்கால் வரை நின்றது. முபஷ்ஷிராவும் வந்திருந்தாள், சாப்பாட்டை அவளே கட்டிக்கொண்டு. குழிகள் வரிசையாக இருந்தன. குழிக்குள் தொழு எருவும் மேல்மண்ணும். பூங்குழலி மல்லிப் பதியன்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்து, மண்ணை அணைத்துக்கொண்டு போனாள். பிறகு வந்த புதுக் கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முள்வேலியில் தொங்கவிட்டிருந்தார்கள், சாமி படம் மாதிரி.

மூர்த்தி அவள் பின்னாலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். நாலாவது வரிசையில் அவர் நடை கொஞ்சம் மாறியது. இடது கை லுங்கி மடிப்பைப் பிடித்திருந்தது. குனிவார், சுற்றும் முற்றும் பார்ப்பார், நிமிர்வார்.

பூங்குழலி திரும்பவே இல்லை. மூடுபனிக்குள் எங்கோ பார்த்தபடி இருந்தாள். முகத்தில் அந்தப் பழைய தூரம். ஆனால் குரல் மட்டும் பக்கத்திலிருந்து வந்தது.

"மடியில இன்னா?"

"ஒண்ணுமில்லியே."

"தொறந்து காட்டு."

மூர்த்தி மடிப்பை அவிழ்த்தார். ஒரு பிடி டிஏபி. உரக்கடையில் மூட்டை வாங்கக் கூடாதென்று, பக்கத்து நிலத்துக்காரரிடம் கைமாத்து கேட்டு வாங்கியது. முபஷ்ஷிரா வரப்பில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒவ்வொண்ணுத்துக்கும் ஒரு மணி மட்டும்டி" என்றார் மூர்த்தி. "சின்னப் புள்ளைங்கோ. புது எடம். பாவமா இருக்குது."

பூங்குழலி எழுந்து வந்தாள். அவர் கையைப் பிடித்து, அந்தக் கருப்பு மணிகளை அவள் முந்தானையில் வாங்கி முடிந்தாள். பிறகு காலி உள்ளங்கையை விடாமல், அப்படியே கீழே அழுத்தி, பதியன் பக்கத்தில் மண்ணின் மேல் வைத்தாள்.

"இதுக்கு இப்ப இது போதும். அமுக்கு."

மூர்த்தி அமுக்கினார். மண் மெத்தென்று உள்ளே போய், விரல்களுக்கு நடுவில் ஏறி வந்தது. அவர் கையை எடுக்க மறந்து அப்படியே குந்தியிருந்தார். அடுத்த குழியிலிருந்து பூங்குழலி அவரை இரண்டு தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரம் கூப்பிடாமல், தண்ணீர்க் குடத்தை அவளே எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.